கர்ப்ப காலத்து ரத்தக் கொதிப்பு: காரணம் உப்பா, நஞ்சுக்கொடியா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் தலைப்பிரசவம் என்றால் இன்றும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பி வைப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளைக்கு வேலை இங்கே டெல்லியில் இருக்கும், வீடு ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ இருக்கும். வளைகாப்பும் சீமந்தமும் முடிந்த கையோடு ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ அவள் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ ரயில் ஏறிவிடுவாள். நல்ல வழக்கம்தான்; அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கர்ப்பிணிகளைத் தாக்கும் நோய்களில் மிகத் தந்திரமான ஒன்று தலைகாட்டுவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். அதனால்தான் நம் வீட்டுப் பெண்களும், முக்கியமாக அவர்களுடைய தாயார், மாமியார், கணவன்மார்களும் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசவம் பார்த்து வருகிறேன். “பிரஷர் இருக்கிறது” என்று நான் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, “ஏன் வந்தது?” என்பதுதான். பல வீடுகளில் நான் பதில் சொல்வதற்குள் தீர்ப்பே வழங்கியாகிவிடும். உப்பைக் குறைக்கவில்லை, ஊறுகாயை விடவில்லை, எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறாள், வேலைக்குப் போகாதே என்றால் கேட்டாளா? இப்படிக் குற்றப்பத்திரிகை நீளும். காரணம் எதுவென்று மருத்துவ உலகம் இன்று அறிந்திருப்பதைப் பார்த்தால், இந்தக் குற்றப்பத்திரிகையில் ஒரு வரிகூட நிற்காது.

முதலில் நோய் எது என்று பார்த்துவிடுவோம். கருத்தரிப்பதற்கு முன்பே சிலருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும். அது ஒரு வகை. இருபது வாரம் கடந்த பிறகு புதிதாக ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, வேறு எந்த உறுப்பையும் பாதிக்காமல் இருந்தால் அது இரண்டாவது வகை. அப்படி ஏறிய அழுத்தத்தோடு சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத்தின் தட்டணுக்கள் போன்றவை பாதிக்கப்பட்டாலோ அதைப் பிரீ-எக்லாம்ப்சியா என்கிறோம். உலகில் நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இது வருகிறது. முற்றினால் வலிப்பு வரும். அந்த வலிப்புக்குத்தான் எக்லாம்ப்சியா என்று பெயர். கிரேக்க மொழியில் திடீரெனப் பளிச்சிடும் ஒளியைக் குறிக்கும் சொல் அது. மின்னல்போல் முன்னறிவிப்பின்றி வருவதாக அந்நாளில் நினைத்தார்கள்.

நம் பாட்டிமார்கள் இதை ஜன்னி என்றார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் கடுங்காய்ச்சலுக்கும் அதே பெயர்தான். இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் இன்னொரு சொல்லை நினைத்து நான் வியப்பதுண்டு. குழந்தை பிறந்ததும் கிராமத்தில் அடுத்த கேள்வி, “நஞ்சு விழுந்துவிட்டதா?” என்பதுதான். குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் தந்து காத்த உறுப்புக்கு நம்மவர் ஏன் நஞ்சு என்று பெயர் வைத்தார்களோ! உள்ளேயே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் இருக்கலாம். இந்த நோயைப் பொறுத்தவரை அந்தப் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

நூறாண்டுத் தேடல்

1843ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற மருத்துவர், வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். அது முட்டையின் வெண்கரு போலத் திரிந்தது. அதாவது சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. பிரசவமானபின் அது மறைந்தும் போயிற்று. ரத்த அழுத்தத்தை அளக்க அப்போது கருவியே கிடையாது. கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896ல் கொண்டு வந்த பிறகுதான், வலிப்பு மின்னல்போல் வருவதில்லை, அதற்கு முன்பே அழுத்தம் ஏறுகிறது என்ற உண்மை தெரிந்தது.

ரத்தத்தில் ஏதோ ஒரு நச்சுப் பொருள் கலந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் ஊகித்தார்கள். அதனால் ‘டாக்ஸீமியா’ என்றே பெயர் வைத்தார்கள். வயதான டாக்டர்கள் இன்றும் அப்படிச் சொல்வதைக் கேட்கலாம். ஆனால் எவ்வளவு தேடியும் அந்த நச்சு அகப்படவில்லை. ஆளுக்கொரு விளக்கம் சொன்னதால் ‘கொள்கைகளின் நோய்’ என்ற பட்டப்பெயர்கூட இதற்கு ஏற்பட்டது. பிற்பாடு டாக்ஸீமியா என்ற பெயரையே கைவிட்டார்கள்.

ஆயினும் சில தடயங்கள் ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் நோய் தணிகிறது. அப்படியானால் காரணம் குழந்தையா, நஞ்சுக்கொடியா? இதற்கு விடை தந்தது ஒரு விசித்திரமான கர்ப்பம். நம் ஊரில் முத்துப்பிள்ளை என்பார்கள். கருப்பைக்குள் குழந்தையே இராது. நஞ்சுக்கொடியின் திசு மட்டும் திராட்சைக் கொத்துபோல் வளர்ந்திருக்கும். அந்தப் பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. இருபது வாரத்துக்கு முன்பே வருவதும் உண்டு. மிக அபூர்வமாகக் கருப்பைக்கு வெளியே வயிற்றறையில் கரு வளரும்போதும் இந்நோய் வந்திருக்கிறது. ஆகவே குழந்தையும் தேவையில்லை, கருப்பையும் தேவையில்லை. நஞ்சுக்கொடி இருந்தால் போதும்.

வாய்க்காலும் கடைமடையும்

நஞ்சுக்கொடி என்ன செய்கிறது? தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். கருப்பைச் சுவருக்குள் சுருள் சுருளாக மெல்லிய ரத்தக்குழாய்கள் பல ஓடுகின்றன. சாதாரண நாட்களில் அவை தசைச் சுவர் கொண்ட குறுகிய குழாய்கள். உடலின் கட்டளைக்கேற்பச் சுருங்கும், விரியும். வாய்க்காலில் மதகு வைத்ததுபோல என்று சொல்லலாம். கர்ப்பம் தரித்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, இந்தக் குழாய்களின் தசைப்பகுதியை அழித்து, அவற்றை அகன்ற வாய்க்கால்களாக மாற்றுகின்றன. மதகே போய்விடுகிறது. தாயின் உடம்பில் எந்த மாற்றம் நிகழ்ந்தாலும் குழந்தை என்ற கடைமடைக்குத் தண்ணீர் தட்டாமல் போய்ச் சேரும். நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது என்றால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

பிரீ-எக்லாம்ப்சியா வரப்போகும் பல பெண்களிடம் இந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. செல்கள் ஆழமாக ஊடுருவுவதில்லை; குழாய்கள் குறுகியே இருக்கின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஐவோ பிரோசன்ஸும் அவருடன் லண்டனில் பணியாற்றியவர்களும் 1960களிலும் 70களிலும் நுண்நோக்கியின்கீழ் இதைக் கண்டு விவரித்தார்கள். இப்பணி கர்ப்பத்தின் முதல் பாதிக்குள் முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். எட்டாம் மாதத்தில் ஏறும் ரத்த அழுத்தத்துக்கான விதை, மசக்கையில் அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே விழுந்துவிட்டது.

ஏன் சிலரிடம் மட்டும் இந்த ஊடுருவல் தடைப்படுகிறது? இங்கே நோய் எதிர்ப்பு சக்தி குறுக்கிடுகிறது. கருவில் பாதி தந்தையுடையது. தாயின் உடலுக்கு அந்தப் பாதி அந்நியம். அதை விரட்டாமல் ஏற்றுக்கொள்ளத் தாயின் வெள்ளணுக்கள் பழக வேண்டும். கருப்பைச் சுவரில் இருக்கும் ஒருவகைக் காவல் அணுக்கள், நஞ்சுக்கொடியின் செல்களோடு உறவாடி அவற்றை உள்ளே அனுமதிக்கின்றன. தாயின் காவல் அணுக்களில் உள்ள அடையாளமும் குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற அடையாளமும் சில சேர்க்கைகளில் ஒத்துப்போவதில்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2004ல் காட்டினார்கள். இந்நோய் தலைப்பிரசவத்தில் அதிகம் வருவதற்கும், இன்னொருவரின் சினைமுட்டையைத் தானமாகப் பெற்றுக் கருத்தரிப்பவர்களுக்கு அதிகம் வருவதற்கும் இதுவே பெரும் காரணமாக இருக்கலாம். தலைச்சன் பிள்ளைக்குத்தான் ஆபத்து என்று நம் பெரியவர்கள் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. அவர்கள் சொன்ன காரணம்தான் வேறு.

கடைசியில் அகப்பட்ட நச்சு

நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்தால் குழந்தை வாடுவது புரிகிறது. தாய்க்கு ஏன் ரத்தம் கொதிக்க வேண்டும்? சிறுநீரகம் ஏன் புரதத்தை ஒழுகவிட வேண்டும்? இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் முதன்மையானவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எஸ். ஆனந்த் கருமாஞ்சி என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிட வேண்டும். அவர் பிரசவ மருத்துவர் அல்லர், சிறுநீரக நிபுணர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் அவரும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2003ல் வெளிவந்தது.

நம் ரத்தக்குழாய்களின் உட்பூச்சு நலமாக இருக்க ‘வி.இ.ஜி.எஃப்.’ என்ற வளர்ச்சிப் பொருள் தினமும் தேவை. அது ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாயின் சுவரில் அதற்கென்று பூட்டுகள் இருக்கின்றன. சாவி பூட்டில் பொருந்தினால்தான் குழாய் தளர்ந்து, ஒழுகாமல் இருக்கும். நோயுற்ற நஞ்சுக்கொடி என்ன செய்கிறதென்றால், கதவிலிருந்து கழன்ற பூட்டுகள் போன்ற ஒரு புரதத்தை ஏராளமாகத் தயாரித்துத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. ‘எஸ்-எஃப்.எல்.டி.-1’ என்பது அதன் பெயர். கழன்று திரியும் இந்தப் பூட்டுகள் வழியிலேயே சாவிகளைப் பிடித்துக்கொள்கின்றன. கதவில் உள்ள பூட்டுக்குச் சாவி போய்ச் சேருவதில்லை. ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி, கல்லீரல், மூளை ஆகியவற்றின் நுண்குழாய்கள் இந்தச் சாவியை அதிகம் நம்பியிருப்பவை. அதனால் அடியும் அங்கேதான் விழுகிறது. புரதம், வயிற்றின் மேற்பகுதி வலி, தலைவலி, வலிப்பு என்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் அறிகுறிகள் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தவைதான்.

இப்புரதத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் ரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரில் புரதம் இறங்கியது. சிறுநீரகத்தில் இந்நோய்க்கே உரிய மாறுதல் தெரிந்தது. சாவியைத் தடுக்கும் சில புற்றுநோய் மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கும், அவர்கள் ஆண்களாகவே இருந்தாலும், இதே இரண்டு தொல்லைகளும் வருகின்றன. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் நோய் தெரிவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே இந்தப் புரதம் ஏறத் தொடங்குகிறது என்று 2004ல் வெளியான ஆய்வு கூறியது. டாக்ஸீமியா என்று பெயர் வைத்தவர்கள் முழுக்கத் தவறிவிடவில்லை!

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. தாய்க்கோ அக்கா தங்கைக்கோ இந்நோய் வந்திருந்தால் அவளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். தாய்வழி மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்நோய் கண்ட கர்ப்பத்தில் பிறந்த ஆண்பிள்ளை வளர்ந்து தந்தையாகும்போது, அவன் மனைவிக்கும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. நஞ்சுக்கொடி தந்தையின் மரபையும் கொண்டு உருவாவதுதான் காரணம். எஸ்-எஃப்.எல்.டி.-1 புரதத்துக்கான மரபணு 13ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்ட சிசுக்களின் தாய்மார்களுக்கு இந்நோய் மிக அதிகமாக வருகிறது. மருமகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதோடு எல்லாப் புதிரும் விடுபட்டுவிடவில்லை. 34 வாரத்துக்கு முன் வரும் கடுமையான வகைக்கு மேலே சொன்ன விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. நிறைமாதத்தை ஒட்டி வரும் வகையில் நஞ்சுக்கொடி பெரும்பாலும் சரியாகவே ஊன்றியிருக்கிறது. அங்கே தாயின் பருமன், நீரிழிவு, முன்பே இருந்த ரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய், இரட்டைக் குழந்தை போன்றவை ரத்தக்குழாய்களுக்குக் கூடுதல் சுமையாகி, மூப்படைந்த நஞ்சுக்கொடி தரும் சிறு தொல்லையைக்கூட அவை தாங்க முடியாமல் போகிறது. இரண்டு நோய்களை ஒரே பெயரில் அழைக்கிறோமோ என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

மாவடு

2013ல் என்னிடம் ஒரு பெண் வந்தாள். இரண்டாவது கர்ப்பம், எட்டு வாரம். முதல் கர்ப்பத்தில், 2011ல், வேறோர் இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசி இரண்டு மாதங்களில் அங்கே சிறுநீர்ப் பரிசோதனையே செய்யவில்லை. முப்பத்து நான்காம் வாரம் அம்மாவுடன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிளம்பியிருக்கிறாள். மறுநாள் மத்தியானத்திலிருந்து தலைவலி. ரயில் ஆட்டம் என்று நினைத்துத் தைலம் தடவிக்கொண்டிருக்கிறாள். வாரங்கல் தாண்டியதும் வலிப்பு. பெட்டியில் இருந்தவர்கள் காக்காய் வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். விஜயவாடாவில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், அங்கிருந்த டாக்டர்கள் மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை தக்கவில்லை.

இதையெல்லாம் அழாமல் சொன்னாள். எழுந்து போகும்போது கதவருகே நின்று, “டாக்டரம்மா, மாவடு தின்னதாலதானா?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அழுதாள். இரண்டு வருடங்களாக அவள் வீட்டில் மாவடு என்ற பேச்சே கிடையாதாம். மாமியார் ஒருமுறை சொன்ன சொல் அப்படியே தங்கிவிட்டது. அன்று மேலே எழுதியதையெல்லாம் ஒரு காகிதத்தில் படம் போட்டு அவளுக்கும் அவள் கணவருக்கும் விளக்கினேன். மாமியாரையும் அழைத்து வரச் சொன்னேன். வந்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர் அல்லர். தமக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னவர்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லதே. ஆனால் உப்பைக் குறைப்பதால் பிரீ-எக்லாம்ப்சியா வராமல் தடுக்க முடியாது. அதற்காக உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2011ல் கூறிவிட்டது. பத்தியச் சோறு போட்டுப் பெண்ணை வாட்டுவதால் ஒரு பயனும் இல்லை. கால் வீக்கமும் அப்படித்தான். பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு மாலையில் கால் வீங்கும். ‘கால் வீங்கினால் ஆண்பிள்ளை’ என்ற பேச்சை விட்டுவிடுவோம். முகமும் கைவிரல்களும் சில நாட்களுக்குள் திடீரென்று உப்பி, எடையும் சட்டென்று ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

என்ன செய்யலாம்?

வேர் எங்கே என்று தெரிந்ததால் தடுப்பு முறையும் தெளிவாகிக்கொண்டு வருகிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி நெடுநாள் விவாதம் இருந்தது. 1994ல் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் 60 மில்லிகிராம் கொடுத்து நடந்த பெரிய ஆய்வு, சொல்லிக்கொள்ளும்படி பயனில்லை என்றது. பலர் அதோடு கைவிட்டுவிட்டார்கள். 2017ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, 11 முதல் 14 வாரத்துக்குள்ளேயே தொடங்கி, இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் பிரீ-எக்லாம்ப்சியா நூற்றுக்கு 4.3 என்பதிலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. வாய்க்கால் வெட்டும் பருவத்தில் கொடுத்தால்தான் பலன். பயிர் காய்ந்த பிறகு மடை திறந்து என்ன பயன்? முன்பு இந்நோய் வந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், நீரிழிவு, சிறுநீரக நோய், ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. ரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் கருத்தரிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எனாலபிரில், லோசார்ட்டன் போன்றவை சிசுவுக்கு ஆகாதவை.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. உணவில் கால்சியம் குறைவாக உள்ள இடங்களில் மாத்திரையாகக் கொடுத்தால் இந்நோய் குறைகிறது. நாளைக்கு 1500 மில்லிகிராம் வேண்டும் என்பது பழைய கணக்கு. பெங்களூரிலும் டான்சானியாவிலும் நாட்டுக்குப் பதினோராயிரம் பேர் வீதம் நடத்தி 2024ல் வெளியான ஆய்வு, 500 மில்லிகிராமே இந்நோயைத் தடுப்பதில் அதற்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. மாத்திரை வயிற்றைக் கட்டுகிறது என்று தூக்கிப் போடுகிறவர்களுக்கு நல்ல செய்தி.

நோய் வந்துவிட்டால் முழுத் தீர்வு பிரசவம்தான். 37 வாரம் ஆகிவிட்டால் காத்திருப்பதில்லை. அதற்கு முன் என்றால் அழுத்தத்தை மாத்திரைகளால் அடக்கி, தாயையும் சேயையும் கண்காணித்து நாள் கடத்துவோம். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையின் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன் மூன்று மருந்துகளைக் கலந்து வலிப்பை அடக்கிய முறையை 1961ல் எழுதி, அது இந்தியா முழுவதும் பரவி எத்தனையோ உயிர்களைக் காத்தது. 1995ல் நடந்த பன்னாட்டு ஆய்வு, அப்போது பரவலாக வழங்கிய வேறிரு வலிப்பு மருந்துகளைவிட மக்னீசியமே சிறந்தது என்று நிறுவியது. சுமார் பத்தாயிரம் பெண்களைக் கொண்ட 2002 ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் அந்த ஆபத்து பாதிக்கும் மேல் குறைகிறது என்றது. விலை மலிவான மருந்து. நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும்.

இனி ரயில் விஷயம். கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்காமல் எந்தப் பெண்ணும் ரயில் ஏறக் கூடாது. அழுத்தம் 140/90 இருந்தாலோ சிறுநீரில் புரதம் இருந்தாலோ வளைகாப்பு முகூர்த்தம் காத்திருக்கட்டும். டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். அம்மா இங்கே வந்து பிரசவம் பார்த்தாலும் அது தாய்வீட்டுப் பிரசவம்தான். பயணம் செய்பவர்கள் தாய்-சேய் அட்டையையும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் பெட்டிக்கு அடியில் பூட்டி வைக்காமல் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்குள்ள டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ‘அடுத்த மாதம்தானே’ என்று தள்ளிப் போட வேண்டாம். விடாத தலைவலி, கண் மங்கல், கண் முன் பூச்சி பறப்பது, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பெரிய ஸ்டேஷனில் இறங்கிவிடுங்கள். ரயிலில் மருத்துவ உதவிக்கு 139 என்ற எண்ணில் அழைக்கலாம். விலாவலியை வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் மின்னணுக் கருவி வைத்திருப்பவர்கள் மணிக்கட்டில் கட்டுவதைத் தவிர்த்து, மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். பெரிய நகரங்களில் எஸ்-எஃப்.எல்.டி.-1 அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் இப்போது கிடைக்கிறது. சந்தேகமான நிலையில் அடுத்த ஒரு வாரத்துக்கு ஆபத்தில்லை என்று உறுதிசெய்ய அது உதவும். எல்லோருக்கும் அது தேவையில்லை. பட்டை கட்டி அளப்பதும் சிறுநீரில் ஒரு காகிதத் துண்டை நனைத்துப் பார்ப்பதும்தான் இன்றும் உயிர் காப்பவை.

அந்தப் பெண்ணுக்கு 2013ல் பன்னிரண்டாம் வாரத்திலிருந்து ஆஸ்பிரினும் பிறகு கால்சியமும் கொடுத்தோம். ஊருக்குப் போகவில்லை, அம்மா இங்கே வந்தார். முப்பத்தாறாம் வாரம் அழுத்தம் சற்று ஏறியது. சேர்த்துக்கொண்டோம், மறுவாரம் இரண்டே கால் கிலோவில் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சும் விழுந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வருவதுண்டு; அபூர்வமாகச் சில வாரம் கழித்தும் வரும். பத்தியமும் மருந்துப் பொடியும் நடக்கும் அந்த நாட்களில் தலைவலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆறாவது வாரம் அழுத்தத்தையும் சிறுநீரையும் மீண்டும் பார்க்க வேண்டும். இந்நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்றும், நிரந்தர ரத்தக் கொதிப்புக்கான வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்றும் 2007ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. எனவே பிரசவக் குறிப்புத் தாளைத் தொலைக்காமல் வைத்திருங்கள். நாற்பது வயதில் நெஞ்சு டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களில் சிலர் அதைக் குழந்தையின் பிறந்தநாளை ஒட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், மறப்பதே இல்லை.